கோட்டில் யோசப்பின் சொன்ன இங்கிலீசு

குருநகரில் கடலோடு முட்டி நிற்கிற கடைசித் தெருவில் ஆங்கிலம் பேசத் தெரிந்த முதல் ஆள் யோசப்பின். அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் சிலுவை கீறிக்கொண்டிருந்த காலம் அது. அவளுடைய ஆங்கிலத்தால் தெருவுக்குக் கொஞ்சக்காலம் பெருமை இருந்தது. அவளுக்குக் கிடைத்தது வேறு.

தகப்பன் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குத் தொழிலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. தாய் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். எஞ்சியவர்கள் அண்ணன் சிமியோனும் அவளும்தான். சிமியோனுக்கு மீசை அரும்புகிற வயது, அவள் சின்னப்பிள்ளை. சோறு காய்ச்சி, சட்டை தோய்த்து, தலை இழுத்துப் பின்னிவிட்டு அவளை வளர்த்தது அவன்தான். பின்னல் ஒருநாளும் நேராக வந்ததில்லை. தெருப்பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு கூப்பிட்டு அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவார்கள்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள். சிமியோன் ஒருநாள் ஈர வேட்டியோடு மடத்துப் படலை வாசலில் போய் நின்றான். வெள்ளிக்கிழமைகளில் மடத்துக் குசினிக்கு வேண்டிய மீனைத் தான் கொண்டுவந்து தருவதாகவும், அதற்குப் பதிலாகத் தங்கச்சியைப் படிப்பிக்கவேண்டும் என்றும் கேட்டான். மதருக்கு அவனுடைய துணிச்சல் பிடித்திருக்கவேண்டும். யோசப்பின் சேர்க்கப்பட்டாள். அன்றுமுதல் எந்தக் காற்றடித்தாலும் வெள்ளிக்கிழமை மீன் தவறியதில்லை. கடல் மோசமான நாட்களில் பக்கத்து வள்ளக்காரரிடம் கேட்டு வாங்கியாவது கொண்டுபோய்க் கொடுப்பான்.

பின்னேரங்களில் அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது, அன்று படித்ததை அவள் சொல்லவேண்டும். அவனுக்கு அதில் தீராத ஆசை. ஒருமுறை இரண்டு பிள்ளைகள் வகுப்பில் சண்டை போட்டதையும், ஐரிஷ்காரியான சிஸ்டர் கிளேர் அவர்கள் இருவருடைய கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, “மேக் இற் அப், மேக் இற் அப்” என்று சொன்னதையும் அவள் சொன்னாள்.

“அதுக்கு என்ன கருத்து?” என்றான் சிமியோன்.

“கோவத்தை விட்டுச் சமாதானமாகுங்கோ எண்டு.”

“மேக் எண்டாச் செய்யிறது எண்டெல்லோ முந்திச் சொன்னனி?”

“ஓம்.”

“அப் எண்டா?”

“மேலை.”

“செய்யிறதையும் மேலையையும் சேர்த்தா எப்பிடியடி சமாதானம் வரும்?”

அவளுக்கும் அது தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல் மடத்தில் எங்கும் கேட்டது. காலையில் கட்டில் விரிப்பைத் தட்டி ஒழுங்குபண்ணுவது ‘மேக் அப்’. காய்ச்சலால் விடுபட்ட பாடத்தை இருந்து படித்து ஈடுகட்டுவதும் அதுதான். மருந்தறைச் சிஸ்டர் இருமல் மருந்தைக் கலந்து போத்தலில் ஊற்றுவதும் அதுதான். எல்லாம் நல்ல காரியங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட கருத்து இருக்கும் என்று நினைக்க அவளுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

படித்து முடித்ததும் அதே பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு அவளை உதவி ஆசிரியையாக வைத்துக்கொண்டார்கள். சிமியோன் அதற்குள் திரேசம்மாவைக் கல்யாணம் முடித்திருந்தான். காலையில் வெள்ளைச் சட்டையோடு தங்கச்சி தெருவால் போகும்போது அவன் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பான். “உவள் வெள்ளைக்காரரோடை நேருக்கு நேரை நிண்டு கதைப்பாள்” என்று கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்வான்.

பக்கத்து வளவில் இருந்தவன் சந்தியோகு. சிமியோனோடு ஒன்றாக விளையாடி வளர்ந்தவன். இருவரும் பரவைக்கடலில் களங்கட்டித் தொழில் செய்தார்கள். ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு, வலையடைத்து, மீனை உள்ளே வரவிட்டுப் பிடிக்கிற தொழில். எந்த இடத்தில் யார் கம்பு நடுவது என்பதில்தான் சச்சரவெல்லாம் வரும். 1932ஆம் ஆண்டுத் தையில் அவர்கள் இருவருக்கும் இடையில் வந்தது. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு சந்தைக்குள் கைகலப்பு. சிமியோன் துடுப்பால் அடித்ததில் சந்தியோகுவுக்கு நெற்றி பிளந்தது. “உன்னை இருந்த இடம் தெரியாமல் ஆக்குவன்” என்று சிமியோன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான். ஊர் அதை மறக்கவில்லை.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசுகாலம் முழுவதும் இரண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தன. யோசப்பினால் அதைத் தாங்க முடியவில்லை. பெரிய கிழமையில் ஒருநாள் அவள் தனியாகச் சந்தியோகுவின் வீட்டுக்குப் போனாள்.

“சந்தியோகு அண்ணை, இப்பிடி முகத்தைத் திருப்பிக்கொண்டு எப்பிடி நீங்கள் ரெண்டுபேரும் கோயிலிலை நன்மை எடுக்கப்போறியள்?”

“அடிச்சது அவன். அவன் வரட்டும்.”

சிமியோன் போகமாட்டேன் என்றான். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். இரண்டாம் நாள் அவன் முணுமுணுத்துக்கொண்டு எழும்பி வந்தான். அவள் இருவரையும் ஆளில்லாத நேரத்தில் கோயில் வாசலில் சந்திக்கவைத்து, கையைப் பிடித்துச் சேர்த்து, தங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். திரேசம்மா ஒடியல் கூழ் காய்ச்சினாள். இரண்டு ஆண்களும் பிலாவிலைக் கோப்பையில் கூழ் குடித்தபடி முதலில் காற்றைப்பற்றிப் பேசினார்கள், பிறகு நண்டைப்பற்றிப் பேசினார்கள். போகும்போது சந்தியோகு சிமியோனின் தோளில் தட்டிவிட்டுப் போனான். வெளியார் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒரு விடியற்காலை சந்தியோகுவின் வாடி எரிந்தது. கரையில் வலைகளும் சாமான்களும் வைக்கிற ஓலைக்கொட்டில் அது. நெருப்பு காற்றோடு போய்ப் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தையும் பிடித்தது. ஆட்கள் வாளியோடு ஓடிவரும்போது வள்ளத்தின் விலா எலும்புகள்தான் மிஞ்சியிருந்தன. சந்தியோகு கரையில் குந்தி இருந்து தலையில் மண்ணை அள்ளிப் போட்டான். யார் செய்தது என்று பொலிஸ் கேட்டபோது அவன் வாயில் வந்த பெயர் சிமியோன். தையில் சந்தையில் நடந்ததற்குச் சாட்சி சொல்ல ஊரே இருந்தது.

சிமியோனைப் பிடித்து மறியலில் வைத்தார்கள். அவனுக்காக வழக்குப் பேச வந்த பிறக்கிராசி கதிரவேலு நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு நீதிமன்றத்தில், இரண்டு கோட்டில் நிற்கிறவர். நெருப்பு வைத்ததை ஒருவரும் காணவில்லை, பகை ஒன்றுதான் ஆதாரம், அந்தப் பகை தீர்ந்துவிட்டது என்று காட்டினால் போதும் என்றார். சந்தியோகு கோட்டில் பகை தீரவேயில்லை என்று சொல்லிவிட்டான். திரேசம்மா ஏழு மாதக் கர்ப்பிணி, நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆகவே யோசப்பின்.

மறியலில் அண்ணனைப் பார்க்கப் போனபோது அவன் கம்பிக்குப் பின்னால் நின்று சிரித்தான்.

“தமிழிலை சொல்லாதை பிள்ளை. நேரை துரைக்கு இங்கிலீசிலை சொல்லு. இடையிலை நிக்கிற முதலி என்னத்தைத் திரிச்சுச் சொல்லுறானோ ஆருக்குத் தெரியும்?”

“எனக்குப் பயமாக்கிடக்கு அண்ணை.”

“என்ன பயம்? இதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சனான்.”

சாட்சிக்கூட்டில் அவள் ஏறியபோது கோட்டு முதலியார் நமசிவாயம் வழக்கம்போல எழுந்து நின்றார். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்வது அவருடைய உத்தியோகம். யோசப்பின் தனக்கு அவர் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்கார நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். குருநகர்ப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு நின்று அப்படிப் பேசுவதை அவர் முன்பு கேட்டதில்லை போலிருக்கிறது. நமசிவாயம் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

கதிரவேலு கேட்டவற்றுக்கெல்லாம் அவள் தெளிவாகவே பதில் சொன்னாள். கூழ் குடித்ததைச் சொன்னாள், கோயில் வாசலைச் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டே தலையாட்டினார். பக்கத்துக் கோட்டில் அழைப்பு வந்து கதிரவேலு ஒரு இளம் உதவியாளரை இருத்திவிட்டு அவசரமாக வெளியே போனார். அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல், அப்புக்காத்து செல்வரட்ணம் எழும்பினார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆங்கிலத்தில், ஒரு வாத்தியார் நல்ல மாணவியோடு பேசுவதுபோலப் பேசினார். எங்கே படித்தாள், யார் படிப்பித்தார்கள் என்று விசாரித்தார். அவளுடைய உச்சரிப்பை மெச்சினார். பிறகு, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்:

“உம்முடைய அண்ணனும் சந்தியோகுவும் ராசியாகிவிட்ட இந்தச் சங்கதி இருக்கிறதே, இதை ‘மேட் இற் அப்’ பண்ணியது யார்?”

அவளுக்குச் சிஸ்டர் கிளேர் பிள்ளைகளுடைய கையைப் பிடித்துச் சேர்த்தது கண்ணுக்குள் நின்றது. தெரிந்த சொல்லைக் கேட்ட சந்தோசம்.

“ஐ மேட் இற் அப், சேர்.”

“நீர் தனியாகவா?”

“தனியாகத்தான், சேர்.”

“அண்ணன் உதவி செய்யவில்லையா?”

“இல்லை, சேர். முதலில் அவர் சம்மதிக்கவே இல்லை. நான்தான் வற்புறுத்தினேன்.”

“வேறு யாராவது சொல்லித் தந்தார்களா?”

“ஒருவரும் இல்லை. நானாகவே யோசித்தேன்.”

“எதற்காக அப்படிச் செய்தீர்?”

“என் அண்ணனுக்காக, சேர்.”

நீதிபதியின் பேனை நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். “நீர் இப்போது சொன்னது என்னவென்று உமக்கு விளங்குகிறதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஓம், சேர். அது உண்மை, சேர்.”

அவர் தலையாட்டி எழுதினார். உண்மை பேசியதற்காக அவளுக்கு நன்றி சொன்னார். செல்வரட்ணம் குனிந்து வணங்கிவிட்டு இருந்தார். உதவியாளர் பேசாமல் இருந்தார்; அவருக்கு விளங்கியதோ, விளங்கியும் எழும்பப் பயமோ தெரியாது. யோசப்பின் கூட்டிலிருந்து இறங்கும்போது அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு சொல்லும் விளங்காத சிமியோன், தங்கச்சிக்குத் துரையே நன்றி சொல்கிறார் என்ற பெருமையில், கூட்டுக்குள் நின்றபடி பதிலுக்குச் சிரித்தான்.

மத்தியான இடைவேளையில் விறாந்தையில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். நமசிவாயம் பக்கத்தில் வந்தார். நரைத்த மனிதர்.

“பிள்ளை, அப்புக்காத்து உன்னட்டை என்ன கேட்டவரெண்டு விளங்கினதோ?”

“ஓம் ஐயா. ஆர் சமாதானப்படுத்தினதெண்டு கேட்டவர்.”

“இல்லை. அந்தக் கதையை ஆர் கட்டினதெண்டு கேட்டவர்.”

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“அந்தச் சொல்லுக்கு அதுவும் ஒரு கருத்து, பிள்ளை. எங்கடை தமிழிலை கட்டிறது எண்டு சொல்லுறேல்லையோ? வீட்டைக் கட்டினாலும் கட்டிறது, வலையைக் கட்டினாலும் கட்டிறது, இல்லாததைச் சொன்னாலும் கதை கட்டிறது. அதுமாதிரி. மேட் இற் அப் எண்டாச் சமாதானமானதும் வரும், பொய்யைச் சோடிச்சதும் வரும். முன்னுக்குப் பின்னுக்கு என்ன சொல் நிக்குதெண்டு பாத்துத்தான் பிடிக்கவேணும். அவர் ரெண்டுக்கும் பொதுவா வைச்சுக் கேட்டார். நீ தனிய நிண்டு கட்டினனெண்டு சொல்லிப்போட்டாய்.”

கோப்பை அவள் கையிலிருந்து விழவில்லை. அவள் அதைப் பக்குவமாக விறாந்தைக் குந்தில் வைத்தாள்.

“ஐயா, உங்களுக்கு அப்பவே விளங்கினதோ?”

“விளங்கினது.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நான் வேண்டாமெண்டு நீ சொல்லிப்போட்டாய், பிள்ளை. என்னைக் கேளாமல் நான் கோட்டிலை வாய் திறக்கேலாது. திறந்தா என்ரை உத்தியோகம் போயிடும்.” அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

கதிரவேலு திரும்பி வந்து கேள்விப்பட்டதும் தலையில் கைவைத்தார். சாட்சியைத் திரும்பக் கூப்பிட அனுமதி கேட்டார். அந்தப் பெண்ணுடைய ஆங்கிலம் மிக நன்றாக இருந்தது, அவள் சொன்னது தனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது, இப்போது பிறக்கிராசி சொல்லிக்கொடுத்து அவளை மாற்றிப் பேசவைக்க இடம்தர முடியாது என்று நீதிபதி மறுத்துவிட்டார்.

தீர்ப்பு ஒரு கிழமைக்குப் பிறகு. நீதிபதி ஆங்கிலத்தில் வாசிக்க, சிமியோனுக்கு அதைத் தமிழில் சொல்லவேண்டிய கடமை நமசிவாயத்துக்கு. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“பகை தீர்ந்துவிட்டது என்ற கதையைத் தானே கட்டியதாக உம்முடைய சகோதரி கோட்டுக்கு முன்னால் ஒப்புக்கொண்டபடியால், அதை நம்ப இடமில்லை. நாலு வருசக் கடூழியச் சிறை.”

சிமியோன் முதலில் நமசிவாயத்தைப் பார்த்தான். பிறகு பின்வரிசை வாங்கில் இருந்த தங்கச்சியைப் பார்த்தான். “யோசப்பின்?” என்று மட்டும் கேட்டான். காவற்காரர் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மேல்முறையீடு கொழும்புக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் அவளைக் காணவில்லை, அவளுடைய முகத்தையும் காணவில்லை. காகிதத்தில் இருந்த சொற்களைத்தான் கண்டார்கள். அது தள்ளுபடியானது.

சிஸ்டர் கிளேர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். “குழந்தைகளுக்குப் பொய்யைப்பற்றிய கருத்து எதற்கு என்று விட்டுவிட்டேன்” என்றார். அந்த அழுகையில் பொய்யில்லை. ஆனால் கோட்டில் பொய்ச்சாட்சி சொன்னவள் என்று ஊர் பேசுகிற ஒருத்தியிடம் தங்கள் பிள்ளைகளைவிடப் பெற்றோர் விரும்பவில்லை. மதர் தயவாகத்தான் சொன்னார்: கொஞ்சக்காலம் வீட்டில் இரு. அந்தக் கொஞ்சக்காலம் முடியவேயில்லை. பாசையூரில் பேசி வைத்திருந்த சம்பந்தமும் ஓசையில்லாமல் நின்றுபோயிற்று.

திரேசம்மாவுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. அதன் பிறகு அவள் யோசப்பினோடு தேவைக்கு மட்டும் பேசினாள். இரண்டு பெண்களும் ஒரே கூரையின்கீழ் இருந்து, கரைக்கு வருகிற மீனை வாங்கிக் கீறி, உப்பிட்டு, காயவைத்து விற்றார்கள். வெள்ளைச் சட்டையோடு நடந்த தெருவால் யோசப்பின் கருவாட்டுக் கடகம் சுமந்து போனாள். சிறைக்குப் பார்க்கப் போனபோது சிமியோன் திரேசம்மாவை மட்டும் பார்த்தான். “மற்றவளைப் போகச் சொல்லு” என்றான்.

1936இல் அவன் வெளியே வந்தான். இருமலோடு வந்தான். வந்த மூன்றாம் நாள் பின்னேரம் அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். நாலு வருசமாக மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்ததைச் சொன்னாள். சிஸ்டர் சொல்லித் தந்த கருத்து, அப்புக்காத்து கேட்ட கருத்து, முதலியார் சொன்ன விளக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வலையைப் பொத்திக்கொண்டே கேட்டான்.

“ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து.”

“ஓம் அண்ணை.”

“ஒண்டு நல்லது, மற்றது கெட்டது.”

“ஓம்.”

அவன் ஊசியை நிறுத்தினான். “அப்ப அண்டைக்கு நீ முதலியை வைச்சுத் தமிழிலை சொல்லியிருந்தா நான் உள்ளை போயிருக்கமாட்டன். அப்பிடித்தானே சொல்ல வாறாய்?”

ஓம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, பல் இரண்டு போய், நாற்பது வயதுக்காரன்போல இருந்த முகம். தமிழில் சொல்லாதே என்று கம்பிக்குப் பின்னால் நின்று சொன்னது அந்த முகம். அவனுக்கு அது நினைவில் இருந்தது, கண்ணில் தெரிந்தது. அவள் ஓம் என்றால் அந்த நாலு வருசத்தையும், செத்துப் பிறந்த பிள்ளையையும் அவன் இனித் தன்னுடைய தலையில்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

“இல்லை அண்ணை,” என்றாள். “நான் பயத்திலை பிழையாச் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்.”

“அப்ப நீ செய்த வேலைதான்.”

“ஓம்.”

அவன் திரும்ப ஊசியை எடுத்தான். அவன் மூச்சு விட்டதைப் பார்த்தால் ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது. அன்றுமுதல் அவளுடைய கையால் அவன் ஒரு வாய் தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. அவளும் யாருக்கும் அந்தச் சொல்லைப்பற்றி விளக்கம் சொல்லப்போகவில்லை. வளவின் மற்றப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

சண்டைக்காலத்தில், 1942இல், பட்டாளத்து அதிகாரி ஒருவர் கரைக்கு வந்து, கடலில் எந்தப் பக்கம் இனி வலை போடக்கூடாது என்று வரைபடத்தை விரித்துக் காட்டிப் பேசினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. “யோசப்பினைக் கூப்பிடுங்கோ” என்று யாரோ சொன்னார்கள். அவள் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டடி எடுத்து வைத்தாள். சிமியோன் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“அவளைக் கூப்பிடாதையுங்கோ. வாய் திறந்தா உள்ளதை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வருவாள்.”

சிலர் சிரித்தார்கள். அவள் கடகத்தைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டாள். லொறிச் சாரதி ஒருவன் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னான். எல்லையை அவன் மாறி விளங்கியிருந்தான். அடுத்த கிழமையே பட்டாளத்தார் சிலருடைய வலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் யாரும் அவளிடம் வரவில்லை.

சிமியோனின் இருமல் முற்றி, 1945இல் இரத்தம் வரத் தொடங்கியது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்கார டாக்குத்தரிடம் கொண்டுபோகவேண்டும் என்றார்கள். திரேசம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். அவனைப் பிடித்து பஸ்ஸில் ஏற்ற வேறு ஆள் இல்லாதபடியால் யோசப்பின் போனாள். வழி முழுக்க அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

டாக்குத்தர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாதியை யாரோ அழைக்க, அவள் வெளியே போனாள். டாக்குத்தர் ஏதோ கேட்டார். சிமியோனின் கண்ணில் பயம் தெரிந்தது. அவன் ஒன்பது வருசத்துக்குப் பிறகு முதன்முறை தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“நீ கதையன். உனக்குத் தெரியுந்தானே.”

கோட்டில் பேசியதற்குப் பிறகு அவள் ஆங்கிலம் பேசியதில்லை. நாக்குத் தடுக்கியது. எத்தனை நாளாக இருமல், எவ்வளவு இரத்தம், இரவில் வியர்வை உண்டா என்று அவர் கேட்டதெல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக டாக்குத்தர் குரலைத் தாழ்த்திச் சொன்னது இரண்டு கருத்து வராத சொற்கள். இரண்டு பக்க நெஞ்சும் போய்விட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்.

“என்னவாம்?” என்றான் சிமியோன்.

அவள் அவனுடைய தோளில் விழுந்துகிடந்த சால்வையைச் சரிசெய்தாள். “மருந்து தருவினமாம் அண்ணை. கொஞ்சக்காலம் எடுக்குமாம். சுகமாகுமாம்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாதி திரும்பி உள்ளே வந்தாள். அவன் தாதியின் பக்கம் திரும்பினான்.

“பிள்ளை, இவள் சொல்லுறதை நம்பேலாது. நீங்கள் ஒருக்கா டாக்குத்தரைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

தாதிக்கு ஒன்றும் தெரியாது. அவள் கேட்டாள். டாக்குத்தர் யோசப்பினை ஒருதரம் பார்த்துவிட்டு, முன்பு சொன்னதையே சொன்னார். தாதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டாம், ஐயா. விருப்பமானதைச் சாப்பிடக் குடுக்கட்டாம்.”

பஸ்ஸில் அவன் யன்னலோரம் இருந்தான். நவாலிச் சந்தி கழிந்த பிறகு ஒருதரம் பேசினான். “கடைசிவரைக்கும் நீ மாறேல்லை” என்றான். இருமல் வந்தபோது அவள் அவனுடைய வாய்க்குக் கீழே துணியைப் பிடித்தாள். பஸ் குலுங்கியதில் அவனால் அவளுடைய கையைத் தட்டிவிட முடியவில்லை.

மார்கழியில் அவன் செத்துப்போனான். கடைசி நாட்களில் திரேசம்மாதான் பக்கத்தில் இருந்தாள். யோசப்பின் வாசலுக்கு வெளியே இருந்து துணி தோய்த்துக் கொடுத்தாள்.

பெட்டி மூடுவதற்கு முன் சந்தியோகு வந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. சிமியோனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, முற்றத்து மூலையில் நின்ற யோசப்பினிடம் வந்தான்.

“பிள்ளை, அண்டைக்குக் கோட்டிலை நான் சொன்னது பொய். நாங்கள் சமாதானமாகித்தான் இருந்தம். வள்ளம் போன விசரிலை வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “வாடி எரிஞ்சதுக்கு முதல்நாள் நான்தான் உள்ளுக்கை அடுப்பு மூட்டினனான். வடிவா அணைச்சனோ தெரியேல்லை.”

“அது உங்களுக்கு எப்ப நினைவு வந்தது?”

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“எப்ப, சந்தியோகு அண்ணை?”

“அந்த வருசமே.”

உள்ளே பெண்கள் ஒப்பாரியை நிறுத்திச் செபம் சொல்லத் தொடங்கினார்கள்.

“அண்ணையிட்டைச் சொன்னனீங்களோ?”

“எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது, பிள்ளை?”

திரேசம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய் கோணியது. ஆனால் சத்தம் வரவில்லை. சுவாமியார் பெட்டியைத் தூக்கச் சொன்னார். ஆண்கள் குனிந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஆள் குறைய, சந்தியோகு தோள் கொடுக்க ஓடினான். யோசப்பின் அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நீங்கள் தூக்கவேண்டாம்,” என்றாள்.

அவன் விலகி நின்றான். மற்றவர்கள் கைமாறிப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி படலையைத் தாண்டி வெயிலுக்குள் போயிற்று.